வசீலாவின் தலையில் விழுந்த நாற்றம்

அந்தக் காற்று மெத்தையில் முதலில் இருந்தது வெறும் பிளாஸ்டிக் வாடைதான். தாஹர் அதை மலிவுச் சாமான் விற்கும் லிபியாச் சந்தையில் பேரம் பேசி வாங்கி, அட்டைப்பெட்டியோடு தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்து தங்கையின் முன்னால் தொப்பென்று போட்டார்.

"இந்தா வசீலா. ஒன்றரை ஆள் படுக்கலாம். கால நீட்டித் தூங்கு."

வசீலாவுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. மென்ஸல் பூர்கீபாவில் ஒரு வெல்டருக்குக் கட்டிக்கொடுத்து, பதினோரு வருஷம் குழந்தை இல்லை என்று அவன் கோர்ட்டில் விவாகரத்து வாங்கி அனுப்பிவிட்டான். திரும்பி வந்தவள் படுத்த படுக்கையாகிவிட்ட தாயைப் பத்து வருஷம் பார்த்தாள். தாய் போனதும் துறைமுக ஊரான பிஸெர்த்தில் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். இரண்டு அறையும் ஒரு கூடமும் உள்ள வீடு. ஒரு அறை அண்ணனுக்கும் அண்ணி மொன்ஜியாவுக்கும். இன்னொன்று அவர்கள் மகள் ரீமுக்கு. கூடத்து மெத்தை இருக்கைகளில் விருந்தாளி மட்டும்தான் உட்காரலாம். மிச்சம் இருந்தது கண்ணாடி அடைத்த பால்கனி. காற்று மெத்தை அதன் அகலத்துக்குச் சரியாக இருந்தது. ஊதி வைத்தால் அப்படியே கிடக்கும். காலையில் சுருட்ட வேண்டிய வேலை இல்லை.

பிளாஸ்டிக் வாடை ஒரு வாரம் தலையை வலிக்க வைத்தது. ஜன்னல்களைத் திறந்துபோட்டு வைத்தாள். கடற்காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் அந்த மெத்தையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வசீலா கடற்கரை ஓட்டல் ஒன்றில் இஸ்திரி போடுகிறவள். காலை ஏழுக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வீடு. வந்ததும் சமையலறையில் நின்று பாத்திரம் கழுவிவிட்டு, அவர்கள் சாப்பிட்டு முடித்ததும் தன் தட்டை எடுத்துக்கொள்வாள்.

தாஹர் துறைமுகத்தில் முப்பது வருஷம் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். காபிக் கடைக்குள் அவர் நுழைந்தால் இரண்டு பேராவது எழுந்து நாற்காலி நகர்த்துவார்கள். வசீலா வந்த இரண்டாவது குளிர்காலத்தில் அவருக்குப் புராஸ்டேட் ஆபரேஷன் நடந்தது. ஒரு மாதம் வீட்டில் கிடந்தார். பிறகு தேறிவிட்டார் என்று எல்லோருக்கும் சொன்னார்கள். ஆனால் ராத்திரிகளில் அவர் படுப்பதே இல்லை. கூடத்தில் மர நாற்காலியைப் போட்டுக்கொண்டு டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கேட்டால், "வயசானா தூக்கம் எங்க வருது?" என்பார்.

வசந்த காலம் பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் போட்ட கூஸ்கூஸ் ரவைச் சோற்றுத் தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது மொன்ஜியா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏதோ நாறுது."

"மீனா இருக்கும்மா," என்றாள் ரீம்.

"மீனு நாத்தம் எனக்குத் தெரியாதா? இது வேற. பால்கனிப் பக்கமிருந்து வருது." அவள் வசீலாவைப் பார்த்தாள். "தப்பா நினைச்சுக்காத வசீலா. உனக்கு வயித்துல, கிட்னில ஏதாவது தொந்தரவு இருக்கா?"

"எனக்கா? இல்லையே அண்ணி."

"இருந்தா சொல்லிரு. வெட்கப்பட என்ன இருக்கு? நாங்க என்ன வெளியாளா?"

தாஹர் முள் எடுத்துக்கொண்டே சொன்னார்: "அவ ஒழுங்கா குளிச்சா சரியாப் போயிடும்."

அன்று சாப்பாடு முடிந்ததும் வசீலா பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு, மண்டிபோட்டு மெத்தையை முகர்ந்தாள். விரிப்பில் ஒன்றும் இல்லை. சோப்பு மணம்தான் இருந்தது. விரிப்பைத் தூக்கிவிட்டு அடியில் முகர்ந்தாள். வெல்வெட் மாதிரி மெத்தென்றிருக்கும் அந்த மேல்பரப்பின் நடுவில் மூத்திர வாடை குப்பென்று அடித்தது.

அன்றிலிருந்து அவள் தன்னையே சந்தேகப்பட்டாள். மாலைத் தொழுகைக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். தேநீரை விட்டாள். விடிந்து எழுந்ததும் முதல் வேலையாக இரவு உடையைத் தடவிப் பார்ப்பாள். காய்ந்திருக்கும். விரிப்பைத் தடவுவாள். காய்ந்திருக்கும். ஆனாலும் மாலையில் ஓட்டலிலிருந்து வந்தால் வாடை நேற்றைவிட ஒரு படி ஏறியிருக்கும். விரிப்பு நனையாமல் மெத்தை எப்படி நாறும் என்று அவள் ஒருமுறை அண்ணியிடமே கேட்டாள்.

"அதை நீதான் சொல்லணும்," என்றாள் மொன்ஜியா.

முதலில் வெளுப்புத் திரவத்தை ஊற்றித் தேய்த்தாள். புகை மாதிரி ஒன்று கிளம்பிக் கண்ணும் தொண்டையும் எரிந்தன. இருமிக்கொண்டே கூடத்துக்கு ஓடி வந்தாள். மெத்தையின் வெல்வெட் பரப்பு திட்டுத்திட்டாக வெளுத்துப் பிசுபிசுத்தது. வாடை போகவில்லை. ஓட்டல் பக்கத்து மருந்துக்கடைப் பெண்ணிடம் தயங்கித் தயங்கி, "பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு" என்று சொல்லிக் கேட்டாள். அவள் சிரிக்காமல் சொன்னாள்: "வெளுப்பை ஊத்தாதீங்க, அதுவும் மூத்திரமும் சேர்ந்தா விஷம். ஏற்கெனவே ஊத்தின வெளுப்பு முழுக்கப் போறவரைக்கும் வெறும் தண்ணியால நல்லா கழுவுங்க. அப்புறம் வெள்ளை வினிகர்ல பாதி தண்ணி கலந்து துணியால ஒத்துங்க. காஞ்சதும் சமையல் சோடாவத் தூவி ஒரு நாள் விடுங்க. மெல்லத் தேச்சுத் துடைச்சுட்டு நிழல்ல காய வைங்க. வெயில்ல போட்டா ஒட்டு விட்டுரும். ஈரத்தோட படுக்கையை விரிக்காதீங்க, பூஞ்சை பிடிக்கும்."

வசீலா விடுப்பு எடுத்து அப்படியே செய்தாள். இரண்டு ராத்திரி தரையில் படுத்தாள். மூன்றாம் நாள் மெத்தையில் வினிகர் வாடை மட்டும் இருந்தது. அதுவும் போன பிறகு முகத்தைப் புதைத்து முகர்ந்தாள். ஒன்றுமே இல்லை. சந்தோஷத்தில் ரீமைக் கூப்பிட்டு முகரச் சொன்னாள். ரீம் மூக்கைச் சுருக்கிக்கொண்டு தூரத்திலிருந்தே, "சரி அத்தை, சரி," என்றாள்.

நான்கு நாளில் வாடை திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. தாஹர்தான் முன்னால் நின்றார். அவள் கூடத்தைத் தாண்டிப் போனால், "ஜன்னலத் திற, பழைய துறைமுகம் நடந்து போகுது," என்பார். மொன்ஜியா வாய்விட்டுச் சிரிப்பாள். ஒரு நாள் ரீமின் தோழிகள் வந்திருந்தபோது தாஹர் கடைத்தெருவிலிருந்து வந்து, பெரியவர்களுக்கான டயாபர் பொட்டலத்தைத் தேநீர்த் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"வசீலாவுக்கு," என்றார். "மருந்துக்கடைக்காரன் யாருக்குன்னு கேட்டான். எந்தங்கச்சிக்குன்னேன். இதுல மறைக்க என்ன இருக்கு?"

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்திக்குத் தோள் குலுங்கியது.

வசீலா அந்தப் பொட்டலத்தைத் தொடவே இல்லை. பால்கனி அலமாரியின் அடித்தட்டில் தள்ளி வைத்தாள். இரண்டு வாரம் கழித்து மொன்ஜியா அதை இழுத்துப் பார்த்தாள்.

"பாத்தியா? பாதி காலி. எனக்கு ஒண்ணுமில்லை ஒண்ணுமில்லைன்னு சத்தியம் பண்ணினியே."

"நான் எடுக்கலை அண்ணி."

"பின்ன, பூனை கட்டிக்கிச்சா?"

தாஹர் அந்த நாட்களில்தான் காபிக் கடையில் மறுபடி நெடுநேரம் சீட்டாட ஆரம்பித்திருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அதுவரை அரை மணியில் எழுந்து வந்துகொண்டிருந்தார்.

ஹமாதி என்றொருவர் இருந்தார். கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர்; மனைவி இறந்து மூன்று வருஷம். கப்பல் வந்தால் தூக்கிவிடும் கால்வாய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஸர்ஸூனாவில் சின்ன வீடு, முற்றத்தில் ஒரு எலுமிச்சை மரம். ஓட்டலுக்கு மீன் கொண்டுவருகிறவரின் நண்பர். பின்கட்டில் இஸ்திரி அறை வாசலில் நின்று இரண்டொரு தடவை பேசியிருக்கிறார். ஒரு நாள், "எனக்கு இனிமே புள்ள குட்டி ஆசையெல்லாம் இல்ல. எதிர்ல உக்காந்து சாப்பிட ஒரு ஆள் வேணும். உங்களுக்குச் சம்மதம்னா எந்தங்கச்சிய அனுப்புறேன்," என்றார். வசீலாவின் இஸ்திரிப் பெட்டிக்கு அடியிலிருந்த தலையணை உறை கருகிப்போனது. "அனுப்புங்க," என்றாள்.

ஹமாதியின் தங்கை ஒரு வெள்ளிக்கிழமை வந்தாள். நல்ல மாதிரியான பெண். பாதாம் வைத்த பலகாரம் கொண்டு வந்திருந்தாள். வசீலா முதல் நாளே மெத்தையை மறுபடி கழுவி, காற்றைப் பிடுங்கிச் சுருட்டிக் கட்டி, மாடிப்படிக்கு அடியில் கொண்டுபோய் வைத்திருந்தாள். பால்கனி முழுக்க ரோஜாத் தண்ணீர் தெளித்திருந்தாள். காபி கலக்க அவள் உள்ளே போன நேரம், கூடத்தில் மொன்ஜியா குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தினாலும் சமையலறைக்குக் கேட்டது.

"தங்கமான மனுஷி. வேலைன்னா அப்படி வேலை. ஆனா நாளைக்கு ஏன் முன்னாடியே சொல்லலைன்னு நீங்க கேக்கக் கூடாது பாருங்க. ராத்திரில அவளுக்குத் தெரியாமலே போயிடுது. எத்தனை தடவைதான் மெத்தையக் கழுவுறது? என் கை வெந்துபோச்சு."

"ஐயோ பாவம்," என்றாள் அந்தப் பெண். "டாக்டர்கிட்ட காட்டலையா?"

"இந்த வயசுல என்ன டாக்டர்?"

வசீலா காபித் தட்டோடு வந்தபோது ஹமாதியின் தங்கை எழுந்து நின்றுகொண்டிருந்தாள். பாலம் தூக்குகிற நேரமாகிவிட்டது, போகவேண்டும் என்றாள். முத்தமிடக் குனிந்தவள் கன்னம் படாமல் காற்றிலேயே முத்தமிட்டுவிட்டுப் போனாள்.

ஹமாதி அதற்குப் பிறகு பின்கட்டுக்கு வரவில்லை.

ஜூலையில் ஒரு நாள் ஓட்டலில் நீராவிக் கொதிகலன் பழுதாகி, மதியம் இரண்டரைக்கே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். வசீலா வீட்டுக் கதவைச் சாவி போட்டுத் திறந்தாள். மொன்ஜியாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே போனில் நாடகத் தொடர் ஓடும் சத்தம். ரீம் வெளியே போயிருந்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

அவளுடைய விரிப்பு நான்காக மடித்து நாற்காலியில் வைத்திருந்தது. வெறும் மெத்தையில் தாஹர் மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பைஜாமா தொடை வரைக்கும் நனைந்து கறுத்திருந்தது. பக்கத்தில் தரையில் ஒரு பழைய துண்டும் ஒரு கொலோன் புட்டியும் தயாராக இருந்தன.

வசீலா எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ. பிறகு கையிலிருந்த செருப்பைத் தரையில் போட்டாள். தாஹர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். முதல் காரியமாக அவளுடைய விரிப்பை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"இந்நேரத்துக்கு எதுக்கு வந்த?"

"எத்தனை நாளா அண்ணே?"

அவர் உதட்டை நக்கிக்கொண்டார்.

"எத்தனை நாளா?"

"ஆபரேஷன்லேருந்து. ராத்திரி முழுக்க உக்காந்திருக்கேன். மனுஷன் எத்தனை நாள் தூங்காம இருப்பான்? அந்தக் கட்டில்ல படுத்தா அவளுக்குத் தெரிஞ்சிரும்."

"அதனால என் படுக்கையில?"

"கத்தாத." அவர் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். "உனக்கு இதுல என்ன போச்சு? நீ தனிக்கட்டை. உன்னப் பத்தி யார் பேசப் போறா? எனக்கு ஊர்ல ஒரு பேர் இருக்கு. ரீமுக்கு வரன் வந்துக்கிட்டிருக்கு."

"எனக்கும்தான் வந்துச்சு."

"அந்தச் சமையக்காரனா? பெரிய மாப்பிள்ளை." அவர் எழுந்து நின்று விரிப்பை இடுப்பில் சுற்றிக்கொண்டார். "டயாபர் வாங்கிக் குடுத்தேன்ல. அத வச்சு வாய மூடிக்கிட்டு இரு. சோறு போடுற வீடு இது."

அப்போதுதான் அவளுக்கு அந்தப் பாதிப் பொட்டலம் எங்கே போனதென்று விளங்கியது. சீட்டாடப் போவதற்கு அவர் எடுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். மதியத் தூக்கத்துக்கு அதை வீணாக்குவானேன், அதற்குத்தான் தங்கையின் மெத்தை இருக்கிறதே என்று விட்டிருக்கிறார்.

அன்று சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் தட்டில் கை வைத்ததும் வசீலா சொன்னாள். அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். விரிப்பு மடித்து வைத்திருந்ததையும் கொலோன் புட்டியையும் சேர்த்துச் சொன்னாள்.

ரீம் தந்தையைப் பார்த்தாள். தாஹர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சிரித்தார்.

"கேட்டியா மொன்ஜியா? இப்ப மூத்திரம் என்னுதாம்."

மொன்ஜியா எழுந்தாள். மேஜையைச் சுற்றி வந்து வசீலாவின் கன்னத்தில் ஒன்று விட்டாள்.

"தின்ன சோத்துக்கு இதுதான் நன்றியா? ஆபரேஷன் பண்ணின மனுஷன் மேல பழி போடுறியே, உனக்கு நாக்கு அழுகாது?"

"அத்தை, ஏன் இப்படிப் பேசுறீங்க? அப்பா உங்களுக்கு என்ன குறை வச்சாரு?" என்று ரீம் அழ ஆரம்பித்தாள்.

தாஹர் பால்கனிக்குப் போய் மெத்தையின் அடைப்பைப் பிடுங்கினார். அது சீறிக்கொண்டே சுருங்கியது. வீடு முழுக்க அந்தக் காற்று பரவியது. சுருட்டிக் கொண்டுவந்து வாசல் படிக்கட்டில் எறிந்தார். "இதையும் தூக்கிட்டுப் போ," என்றார். எதிர்வீட்டுக் கதவு அரையளவு திறந்து மறுபடி சாத்திக்கொண்டது.

வசீலா துணிப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு, படிக்கட்டில் கிடந்த மெத்தையைத் தாண்டி இறங்கினாள்.

ஓட்டலில் கூட வேலை செய்யும் லத்தீஃபா என்ற பெண் பழைய துறைமுகத்தருகே ஓர் அறை பார்த்துக் கொடுத்தாள். வெள்ளையடித்த சுவர், ஒரு ஜன்னல், முற்றத்தில் பொதுக் குழாய். வசீலா ஒரு மரக் கட்டிலும் ஆட்டு மயிர் அடைத்த மெத்தையும் வாங்கினாள். முதல் மாதம் முழுக்க விடியும்போதெல்லாம் கை தானாகவே உடையைத் தடவிப் பார்த்தது. ஒவ்வொரு நாளும் காய்ந்துதான் இருந்தது.

ஆகஸ்டில் மொன்ஜியா அந்த அறைக்கு வந்தாள். கையில் ஒரு பெட்டி மக்ரூத் பலகாரம். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டாள்.

"கோபம்லாம் போச்சா? ரத்த உறவு விட்டுப் போகுமா வசீலா? வீடு வெறிச்சுனு கிடக்கு. வந்துரு."

"எதுக்கு அண்ணி?"

"அடுத்த மாசம் ரீமப் பாக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. தலைநகர் தூனிஸ்காரங்க, பெரிய இடம்."

"அதுக்கு நான் எதுக்கு?"

மொன்ஜியா விசிறுவதை நிறுத்தினாள். "கூடத்து இருக்கையில வாடை வந்துருச்சு. பால்கனில படுக்க மெத்தை இல்லையா, மதியம் கூடத்துலதான் படுக்குறாரு. எவ்வளவு வினிகர் ஊத்தினாலும் போகலை. வர்றவங்க கேப்பாங்கல்ல. நீ வீட்டுல இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க. உன்னப் பத்தித்தான் எல்லாருக்கும் தெரியுமே."

வசீலா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"முப்பது வருஷம் அந்த மனுஷன் பக்கத்துல படுத்தவளுக்குத் தெரியாதா? ஆபரேஷன் முடிஞ்ச மாசமே தெரியும். அவரு துணிய யார் துவைக்கிறா?"

"ஹமாதியோட தங்கச்சி வந்தப்போ?"

"அப்பவும் தெரியும்." மொன்ஜியா பெட்டியின் நூலை அவிழ்க்க ஆரம்பித்தாள். "நீ போயிட்டா அந்த நாத்தத்த யார் பேர்ல போடுறது, சொல்லு? நானும் ஒரு பொண்ணக் கரையேத்தணும்ல. சாப்பிடு, சூடா இருக்கு."

"நான் வரலை."

"வசீலா, கொஞ்சம் யோசி. வர்றவங்ககிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

"அண்ணனுக்குன்னு சொல்லுங்க."

"அதெப்படிச் சொல்ல முடியும்?"

"என்னப் பத்திச் சொன்னீங்களே. அதே மாதிரி, குரலத் தாழ்த்திச் சொல்லுங்க."

மொன்ஜியாவின் முகம் கறுத்தது. எழுந்தாள். பலகாரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனாள்.

ரீமின் நிச்சயத்தை ஒரு மண்டபம் பிடித்து நடத்தினார்கள். வசீலாவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. ஹமாதி அந்த இலையுதிர் காலத்தில் மென்ஸல் ஜமீலிலிருந்து ஒரு விதவையைக் கட்டிக்கொண்டார். மீன் சந்தையில் ஒருமுறை எதிரே வந்தார். மரியாதையாகத்தான் நலம் விசாரித்தார். ஆனால் பேசும்போது இரண்டு அடி தள்ளியே நின்றார். சொல்லிவிடலாமா என்று வசீலாவின் வாய் வரைக்கும் வந்தது. அவர் கையில் இரண்டு பேருக்கான மீன் இருந்தது. அவள் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து தாஹர் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோய்ப் படுக்கையானார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ரீம் வந்தாள். வயிற்றில் ஆறு மாதக் குழந்தை. மூச்சு வாங்க உட்கார்ந்தாள்.

"அத்தை, அம்மாவால முடியலை. அவங்களுக்கு முதுகு வலி. நான் இந்த நிலைமையில தூக்க முடியாது. நீங்கதான் பாட்டியப் பத்து வருஷம் பாத்தீங்க. உங்களுக்குப் பழக்கம்."

"பழக்கம்தான்."

"அப்ப வர்றீங்களா?"

"இல்ல."

"அப்பா உங்களத்தான் தேடுறாரு அத்தை. வாய் குழறுது, ஆனா உங்க பேரு மட்டும் புரியுது."

வசீலா தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். ரீம் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு நீங்க சாப்பாட்டுல சொன்னது..." என்று ஆரம்பித்தாள்.

"உனக்கு இப்ப தெரியுதுல்ல."

"தெரியுது." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்காக இவ்வளவு கல் மனசா இருக்கணுமா? அவரு உங்க கூடப்பிறந்தவரு."

"ஆமா," என்றாள் வசீலா.

ரீம் எழுந்தாள். ஈரம் படிந்த படிகளில் வழுக்கிவிடக் கூடாதென்று வசீலா அவள் கையைப் பிடித்துத் தெருமுனை வரைக்கும் கொண்டுபோய் டாக்ஸியில் ஏற்றிவிட்டாள். கதவைச் சாத்தும்போது ரீம் அவள் பக்கம் திரும்பவில்லை. வசீலா அறைக்குத் திரும்பி வந்தாள். வறுத்து மூடி வைத்திருந்த மத்தி மீனையும் ரொட்டியையும் எடுத்துவைத்துக்கொண்டு, ஆறிப்போவதற்குள் சாப்பிட்டாள்.